வெறும் வயிற்றில்

விடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது.
தைலமரங்களுக்கிடையே பனி இறங்கி நிற்கிறது.
ஊற்றுக்கு ஏறும் பாதையில்
எல்லோரையும் போல நாங்களும் செருப்பைக் கழற்றிவிட்டோம்.
கல் காலைக் கடிக்கிறது.

என் மகள் பெயர் மெஹ்ரெத்.
எங்கள் அம்ஹாரிக்கில் அதற்கு இரக்கம் என்று அர்த்தம்.
இந்தப் பெயரை
இத்தனை தடவை அலறிக் கூப்பிட வேண்டியிருக்குமென்று
வைத்த அன்று எனக்குத் தெரியாது.

முதல் தடவை அடுப்படியில் விழுந்தாள்,
இன்ஜெரா சுடும் மண்சட்டியின் மேல்.
இடது முழங்கை இன்னும் சுருங்கித்தான் இருக்கிறது.
அடுத்தது ஆற்றில், துணி அலசும்போது.
நெருப்பிலும் தண்ணீரிலும் விழுந்த ஒரு பையனை
அவன் தகப்பன் உம்மிடம் கூட்டிவந்தானே, ஆண்டவரே,
பாதி நம்பி, மீதி பாதிக்காக அழுதானே,
அவன் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை.
நான் ஒரு பெயர் வைத்திருக்கிறேன்.
யாரிடமும் சொன்னதில்லை.

பக்கத்து வீட்டு ஸெனெபெச்
எங்கள் தலை தெரிந்தால் பிள்ளைகளை உள்ளே அழைத்துக்கொள்வாள்.
வாய்நுரை பட்டால் ஒட்டிக்கொள்ளுமாம்.
அவளைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.
முன்பு நானும் அப்படித்தான் அழைத்துக்கொண்டேன்,
வேறு ஒருத்தியின் மகனைப் பார்த்து.

சந்தையடிச் சுகாதார நிலையத்தில்
ஹப்தாமு என்கிற பையன்
விரல்நுனியால் தள்ளித் தள்ளி எண்ணி
வெள்ளை மாத்திரை கொடுத்தான்.
காலை ஒன்று, இரவு ஒன்று. தவறக்கூடாது.
மலைமேல் சொல்கிறார்கள்:
ஊற்றுநீர் குடிக்கிறவள் மாத்திரையைத் தொட்டால்
அது நம்பிக்கைக் குறைவு.

உமது வஸ்திரத்தின் ஓரத்தில் வல்லமை இருந்தது.
என் நெத்தெலாவின் ஓரத்தில்
பதினான்கு மாத்திரை முடிந்திருக்கிறது.

வரிசை நகர்கிறது.
பாறையிலிருந்து வரும் நீரை
ஒரு பச்சைக் குழாயில் மடக்கி ஊற்றுகிறார்கள்.
யாரோ கத்துகிறார்கள். குருவானவர் கீயெஸில் ஓதுகிறார்.
எனக்குப் புரிவது உம் பெயர் மட்டும்.
மெஹ்ரெத் நடுங்குகிறாள்.
குளிரா, அதுவா?
அவள் கண்ணையே பார்க்கிறேன்.
குளிர்தான். குளிர்தான்.

அவளைத் துவட்டத் துணியை இழுத்தபோது
முடிச்சு அவிழ்ந்தது.
ஈரப்பாறையில் மாத்திரைகள்
அரிசி சிந்தியதுபோல உருண்டன.
ஓதுகிற குரல் ஒரு மூச்சு நின்றது,
அல்லது நின்றதாக எனக்குப் பட்டது.

மஞ்சள் கேனோடு நின்ற ஒருத்தி,
முன்பின் பார்த்ததில்லை,
குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.
தன் துணியில் ஒற்றி என் உள்ளங்கையில் வைத்தாள்.
"பதினொன்று. மூன்று போய்விட்டது."
பிறகு தன் கேனின் கைப்பிடியைக் காட்டினாள்.
அதில் ஒரு பிளாஸ்டிக் பை கட்டியிருந்தது,
உள்ளே அவளுடைய மாத்திரைகள்.
எதற்கென்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

குழாய் பிடித்திருந்த தியாக்கோன் எங்களைப் பார்த்தான்.
ஒன்றும் பேசாமல்
ஒரு தகரக் குவளையை நிரப்பி நீட்டினான்.
வெறும் வயிற்றில்
ஊற்றுநீரும் மாத்திரையும்
ஒரே மடக்கில் இறங்கின.
மெஹ்ரெத் முகத்தைச் சுளித்தாள், கசப்பு என்று.

இறங்கி வரும்போது யோசித்தேன்.
அந்த மூன்றும் ஓடையில் கரைந்திருக்கும்.
பள்ளத்தாக்கில் யாராவது குடிப்பார்கள்.
குடிக்கட்டும்.

இன்றோடு இருபத்திமூன்று நாள்.
நேற்று உள்ளே ஏதோ உடைந்த சத்தம், ஓடினேன்.
கோப்பைதான். கை தவறிவிட்டதென்று
அவள் சிரித்துக்கொண்டு நிற்கிறாள்.
நான் வாசலில் உட்கார்ந்துவிட்டேன், கால் வரவில்லை.

உம்மால் ஆகும், எனக்குத் தெரியும்.
எந்த வழியாக என்று இனி உம்மிடம் கேட்கமாட்டேன்.
எப்போது என்றுதான் கேட்பேன்,
தினமும் கேட்பேன், கோபித்துக்கொள்ளாதேயும்.
இப்போது தூங்குகிறாள், வாயைத் திறந்தபடி.
அவள் மார்பின்மேல் என் கை இருக்கிறது.
அதன்மேல் உம் கையை வையும்.
எனக்கும் கொஞ்சம் தூங்க வேண்டும்.